அந்த 20 சதவீதம் யார் பையிலிருந்து?

கேள்வி: ‘மேக் இன் இந்தியா’ என்ற பெயரில், உள்நாட்டுப் பொருளுக்கு 20 சதவீதம் கூடுதல் விலை கொடுத்து மத்திய அரசு வாங்குகிறதே, இது வரி கட்டுகிறவன் தலையில் மிளகாய் அரைப்பது இல்லையா? (திருப்பூர் வாசகர்)

பதில்: அரைக்கிறார்கள்தான். ஆனால் நீங்கள் காட்டுகிற அம்மியில் இல்லை.

அந்த 20 சதவீதம் கூடுதல் விலையே அல்ல. 2017 ஜூனில் வந்து 2020-ல் திருத்தப்பட்ட கொள்முதல் ஆணையின்படி, 50 சதவீதமோ அதற்கு மேலோ உள்நாட்டுப் பங்கு இருந்தால் முதல் வகுப்பு. 20-லிருந்து 50-க்குள் என்றால் இரண்டாம் வகுப்பு. ஒரு டெண்டரில் இரண்டாம் வகுப்புக்காரர் 100 ரூபாய் கேட்டு எல்-1 ஆக, அதாவது மிகக் குறைந்த விலை கேட்டவராக நிற்கிறார், முதல் வகுப்புக்காரர் 118 கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நூறுக்கு மேல் 20 சதவீதம், அதாவது 120-க்குள் வந்துவிட்டதால், முதல் வகுப்புக்காரரைக் கூப்பிட்டு, “நூறுக்குத் தர முடியுமா?” என்பார்கள். சரி என்றால் ஆர்டர் அவருக்கு. பிரித்துக் கொடுக்கக்கூடிய சரக்காக இருந்தால் பாதி. கட்டாது என்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான். அரசு கொடுப்பது அதே நூறு. விலைகளை ஒப்பிடும்போது வெளிநாட்டுச் சரக்கின் மீது 20, 30 சதவீதம் ஏற்றிப் பார்த்து, உள்நாட்டுக்காரர் கேட்ட விலையை அப்படியே எண்ணி வைக்கிற நாடு அமெரிக்கா. அங்கே அதற்கு 1933-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

நம் ஊர் அம்மி வேறு இடத்தில் இருக்கிறது. உள்நாட்டுப் பங்கை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? வரி நீங்கலான விற்பனை விலையிலிருந்து இறக்குமதிச் செலவைக் கழிப்பார்கள். மிச்சமெல்லாம் உள்நாடு. ஒரு கருவிக்கு 45 ரூபாய்க்கு வெளிநாட்டுப் பாகம் வாங்கி, இங்கே பூட்டி, 100-க்கு விற்றால் 55 சதவீதம், முதல் வகுப்பு. அதே கருவியை மனமிரங்கி 80-க்குக் கொடுத்தால்? 35-ஐ 80-ஆல் வகுங்கள், 44 கூட வராது. இரண்டாம் வகுப்பு! விலையைக் குறைத்தவர் இந்தியத்தன்மையில் குறைந்து போகிறார். கூட்டி வைத்த லாபமும் சுதேசிக் கணக்கில் சேருகிறது. வெறுமனே ஸ்டிக்கர் மாற்றிய இறக்குமதிச் சரக்கைப் பிற்பாடு விலக்கினார்கள். இந்தக் கழித்தல் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

சில பொருள்களில் முதல் வகுப்பைத் தவிர வேறு யாரும் டெண்டர் போடவே முடியாது. அங்கே விலையை இழுத்துப் பிடிக்க அந்த நூறு ரூபாய்க்காரரும் இல்லை.

சரி, சதவீதத்தை யார் சோதிக்கிறார்கள்? 10 கோடிக்கு மேல் என்றால் ஆடிட்டர் சான்றிதழ் வேண்டும். அதற்குக் கீழே, விற்பவரே எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் போதும். பொய் என்று பிடிபட்டால் இரண்டு ஆண்டு வரை தடை உண்டு. பிடிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். பத்து ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தத் தாளின் நகலைக் கேட்டுப் பாருங்கள். ‘வணிக ரகசியம்’ என்று பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.