திருமண நாள் விருந்துக்குக் கடன் அட்டையைத் தேய்க்கலாமா?

கேள்வி: குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மனைவி தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர். இருவருக்கும் சேர்த்து மாதம் 48,000 ரூபாய் கைக்கு வருகிறது. வாடகை, ஊரில் பெற்றோருக்கு அனுப்புவது, ஏலச்சீட்டு, வண்டித் தவணை, மூன்று வயது மகளின் செலவு, மளிகை எல்லாம் போக 5,000 ரூபாய் மிஞ்சும். சேமிப்புக் கணக்கில் 22,000 ரூபாய் இருக்கிறது. வைகாசியில் எங்களுக்கு ஐந்தாவது திருமண நாள் வருகிறது. மகள் பிறந்த பிறகு நாங்கள் இருவர் மட்டும் வெளியே போய்ச் சாப்பிட்டதே இல்லை. ஊட்டியில் ஒரு பெரிய விடுதியில், திறந்தவெளிக் குடிலில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இரவு விருந்துக்கு இருவருக்கு 6,500 ரூபாய், வரி தனி என்கிறார்கள். காரில் போய்வர 1,800 ரூபாய். கடன் அட்டையில் ஆறு மாதத் தவணையாகப் போடலாம் என்று நினைக்கிறேன். அட்டையில் ஏற்கெனவே 14,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. மாதம் 750 ரூபாய், அதாவது குறைந்தபட்சத் தொகையைக் கட்டி வருகிறேன். மனைவிக்கு இது எதுவும் தெரியாது. திடீரென்று அழைத்துப்போய் மகிழ்விக்க ஆசை. செய்யலாமா, அல்லது வேறு இடம் பார்க்க வேண்டுமா?

பதில்: போங்கள். கட்டாயம் இருவரும் போங்கள். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. எனக்கு இப்படிக் கடிதம் எழுதுகிறவர்களில் பலர், “இது வெட்டிச் செலவு, விட்டுவிடுங்கள்” என்று நான் எழுதுவேன் என எதிர்பார்க்கிறார்கள். இரவுப் பணி பார்க்கும் மனைவி, பகலில் வேலைக்குப் போகும் கணவர், நடுவில் மூன்று வயதுக் குழந்தை. இப்படிப்பட்ட வீட்டில் கணவனும் மனைவியும் இரண்டு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதற்கு ஆகும் பணத்தை நான் வெட்டிச் செலவுக் கணக்கில் எழுத மாட்டேன். உங்கள் ஆசையில் தவறே இல்லை. நீங்கள் பணம் எடுக்க நினைக்கும் இடமும், சாப்பிட நினைக்கும் இடமும்தான் சரியில்லை.

பணத்தைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் நான் மறுபடி மறுபடி படித்த வரி விருந்தைப் பற்றியது அல்ல, அந்த 14,000 ரூபாய் பாக்கியைப் பற்றியது. பெரும்பாலான கடன் அட்டைகளில் பாக்கிக்கு மாதம் 3 முதல் 3.75 சதவீதம் வரை வட்டி போடுகிறார்கள். 3.5 என்றே வைத்துக்கொள்வோம். 14,000 ரூபாய்க்கு மாத வட்டி 490 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 88 ரூபாய். ஆக 578 ரூபாய். நீங்கள் கட்டும் 750 ரூபாயில் அசலுக்குப் போவது வெறும் 172 ரூபாய். இந்த நிலையிலேயே நின்றால் ஆண்டுக்கு 7,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வட்டியும் வரியும் மட்டும் போகும். அந்த விடுதியின் விருந்துக்கு ஆகும் பணத்தை ஆண்டுதோறும் வங்கிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்களும் உங்கள் மனைவியும் அதில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. எனக்கு இது உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று. பாக்கியை முழுதாகக் கட்டாமல் வைத்திருக்கும் அட்டையில் புதிதாக எதை வாங்கினாலும், வழக்கமாகக் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். தவணையாக மாற்றினால் அதற்குத் தனி வட்டி, செயல்பாட்டுக் கட்டணம், இரண்டுக்கும் 18 சதவீத வரி. அந்தத் தவணைத் தொகை குறைந்தபட்சத் தொகையோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே 750 ரூபாய் கட்டும் இடத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் கட்ட வேண்டிவரும். ஒரு மாதம் தவறினால் அபராதம் வேறு.

சேமிப்புக் கணக்கில் இருக்கும் 22,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 3 சதவீத வட்டி கிடைத்தாலே அதிகம். அட்டைப் பாக்கிக்கு நீங்கள் கொடுப்பது ஆண்டுக்கு 42 சதவீதம், வரி தனி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதில் பொருளில்லை. இந்த வாரமே சேமிப்பிலிருந்து 14,000 ரூபாயையும் எடுத்து அட்டையைத் தீர்த்துவிடுங்கள். மீதி 8,000 ரூபாய் அவசரத்துக்குக் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாதம் மிஞ்சும் 5,000 ரூபாயும், இனி கட்ட வேண்டியிராத 750 ரூபாயும் சேர்ந்து மூன்றே மாதத்தில் அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும். ஒரு சிறு எச்சரிக்கை: முழுப் பாக்கியைக் கட்டிய பிறகும் அடுத்த மாத அறிக்கையில் சில நூறு ரூபாய் வட்டி வரும். பில் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது. தீர்ந்துவிட்டது என்று நினைத்து அதைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் மீண்டும் மாட்டிக்கொள்கிறார்கள். அதையும் கட்டுங்கள்.

இனி விருந்துக்கு வருவோம். 6,500 என்று சொல்கிறார்களே, அது எவ்வளவில் முடியும் என்று பாருங்கள். அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போகும் விடுதிகளுக்குள் இருக்கும் உணவகங்களில் பில்லுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. தனியாக நடக்கும் உணவகங்களில் 5 சதவீதம்தான். உங்கள் விடுதி முதல் வகை என்றே வைத்துக்கொண்டால் வரி 1,170 ரூபாய், ஆக 7,670. காருக்கு 1,800 சேர்த்தால் 9,470. பழச்சாறு, காபி, பரிமாறியவருக்குக் கொடுப்பது எல்லாம் சேர்ந்தால் பத்தாயிரம் தாண்டும். உங்கள் வீட்டின் இரண்டு மாத மிச்சம் அது.

பில்லில் சேவைக் கட்டணம் என்று 10 சதவீதம் சேர்த்திருந்தால் அதைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே, எந்த உணவகமும் அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. “இதை எடுத்துவிடுங்கள்” என்று அமைதியாகக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பரிமாறியவரின் கவனிப்பு மனதுக்குப் பிடித்திருந்தால் அவர் கையிலேயே கொடுங்கள். மலையில் இரவுக் குளிரில் நின்று வேலை பார்க்கிற பிள்ளைகள் அவர்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்த இடம் உங்களுக்குப் பொருந்தாது என்று நான் நினைப்பதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வைகாசி மாதமானாலும் இரவு எட்டு மணிக்குத் திறந்தவெளிக் குடிலில் காற்று வீசும், மூடுபனி இறங்கும். சூப் மேசைக்கு வருவதற்குள் ஆறிவிடும். பள்ளத்தாக்கு தெரியும் மேசை என்று கூடுதலாக வாங்குகிறார்களே, இருட்டிய பிறகு அங்கே தெரிவது இருட்டு மட்டும்தான். எங்கள் பத்தாவது திருமண நாளில் இதே மாதிரி ஒரு குடிலில் நானும் என் கணவரும் உட்கார்ந்தோம். அரைமணியில் என் விரல்கள் விறைத்துவிட்டன. உள்ளே மேசை மாற்றித் தரும்படி கேட்டோம். “இந்தத் தொகைக்குக் குடில் மட்டும்தான்” என்றார்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிட்டிருந்ததால் வாதாட வழியில்லை. அன்று முதல் முன்பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிவிடுகிறேன்: வரி உட்பட மொத்தத் தொகை, மழையோ குளிரோ வந்தால் உள்ளே இடம், வர முடியாமல் போனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது. கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி போதும்.

அதோடு மே மாதத்து ஊட்டியைக் குன்னூர்க்காரரான உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. மலர்க் கண்காட்சி, இ-பாஸ் வாங்கிக்கொண்டு வரிசையாக ஏறிவரும் வண்டிகள், எல்லா உணவகத்திலும் சுற்றுலாக் கூட்டம். அந்த நாட்களில் அங்கே எழுதிவைக்கும் விலை நான்கு நாள் தங்கிப் போகிறவர்களுக்கானது. ஆண்டு முழுவதும் இந்த மலையில் வாழ்கிறவர்கள் அந்த விலையை ஏன் கொடுக்க வேண்டும்? திருமண நாளன்று கோயிலுக்குப் போய்வந்து வீட்டில் பாயசம் வையுங்கள். வெளியே போவதை ஜூன் இரண்டாம் வாரத்துக்குத் தள்ளுங்கள். பள்ளிகள் திறந்துவிடும், கூட்டம் வடியும். தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கமும் ஊட்டியிலும் கொட்டும் அளவுக்குக் குன்னூரில் கொட்டாது. நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான்.

அதனால் என் பரிந்துரை, ஊரை விட்டுப் போகாதீர்கள். சிம்ஸ் பூங்காவை ஒட்டிய மேல் குன்னூரிலும் பெட்போர்டுப் பக்கமும் பழைய பங்களாக்களை உணவகமாக மாற்றி நடத்துகிறார்கள். சிறிய அறைகள், மரத்தரை, வெளியே தோட்டம். மேசைகள் குறைவு என்பதால் சத்தமும் குறைவு. காதலர்களுக்கான உணவகம் என்று எதைச் சொல்வது என்று என்னைக் கேட்டால், பக்கத்து மேசைப் பேச்சு நம் காதில் விழாத இடம் என்பேன். மெழுகுவர்த்தியும் ரோஜா இதழும் அதற்குப் பிறகுதான். முந்தைய வாரம் ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில் நீங்களே ஒரு நடை போய்ப் பாருங்கள். பாட்டு எவ்வளவு சத்தமாக வைக்கிறார்கள், ஜன்னலோர மேசை எது, சாப்பாட்டு விலை என்ன என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வாசலில் எவ்வளவு அழகாகப் பூந்தொட்டி இருந்தாலும், விலைப்பட்டியலைக் காட்டத் தயங்கும் இடத்துக்குப் போக வேண்டாம்.

நேரம், மாலை ஐந்து மணி. அப்போது தோட்டத்திலும் மலைச்சரிவிலும் வெளிச்சம் இருக்கும். தேநீரில் தொடங்கி, இருட்டியதும் உள்ளே மேசைக்கு மாறி, ஏழு மணிக்குச் சாப்பிட்டு, எட்டரைக்குள் வீடு திரும்பலாம். இரவில் தேயிலைத் தோட்டச் சாலைகளில் காட்டெருமை நிற்பதும், கரடி குறுக்கே போவதும் உங்களுக்குத் தெரிந்ததே. இருசக்கர வண்டியில் போகாதீர்கள், ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். மகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டாரோ உறவினரோ எட்டரை வரைக்கும் முகம் சுளிக்காமல் இருப்பார்கள். பத்தரை என்றால் அடுத்த முறை கேட்பது கடினம்.

இருவருக்கும் சேர்த்து இவ்வளவு என்று ஒரே தொகை வாங்கும் விருந்தை எடுக்காமல் பட்டியலைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்த மாதிரி விருந்தில் பாதிப் பண்டம் மிஞ்சும், அதற்கும் காசு கொடுத்திருப்போம். ஒரு சூப்பை இருவர் பகிர்ந்து, ஒரு முன்பதார்த்தம், ஆளுக்கொரு முக்கிய உணவு, ஒரு இனிப்பு என்றால் நடுத்தர உணவகத்தில் 2,000 ரூபாய்க்குள் நல்ல சாப்பாடு ஆகும் என்று கணக்கிடுகிறேன். 5 சதவீத வரி 100 ரூபாய். ஆட்டோவுக்கு 400, பூவுக்கு 100, பரிமாறியவருக்கு 150. மொத்தம் 2,750. கையில் 3,000 ரூபாயை ஓர் உறையில் போட்டு எடுத்துப்போங்கள். தண்ணீருக்கு வெந்நீர் கேளுங்கள். நீலகிரியில் எந்த உணவகமும் மறுக்காது, குளிருக்கும் அதுதான் இதம்.

உங்கள் மனைவிக்கு ஊட்டிதான் வேண்டுமென்றால் அதற்கும் வழியிருக்கிறது. வார நாளில், பகலில், மலை ரயிலில் போங்கள். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். ஊட்டியில் மதிய உணவு சாப்பிட்டுவிட்டு மாலைப் பஸ்ஸில் திரும்பலாம். 1,800 ரூபாய்க் காரில் வளைவுகளை எண்ணிக்கொண்டு போவதைவிட, அந்த ரயில் ஜன்னலோரத்தில் இருவரும் உட்கார்ந்திருப்பது எனக்கு மேலாகத் தோன்றுகிறது. டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, மனைவிக்கு எதுவும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த உணவகம் என்பது தெரியாமல் இருக்கட்டும், அதில் இன்பம் உண்டு. 14,000 ரூபாய் பாக்கி தெரியாமல் இருக்கக்கூடாது. அவர் இரவெல்லாம் நின்று சம்பாதிக்கும் பணமும் அந்தச் சேமிப்பில் இருக்கிறது. அதிலிருந்து எடுக்கும் முன் அவரிடம் சொல்லுங்கள், விருந்து மேசையில் அல்ல, அதற்கு முன்பே, வீட்டில். கோபப்படுவார். பரவாயில்லை, ஜூனுக்குள் ஆறிவிடும்.

செப்டம்பரில் சேமிப்பு பழைய அளவுக்கு வந்தபின், இருவர் பெயரிலும் வங்கியில் மாதம் 1,000 ரூபாய்க்கு ஒரு தொடர் வைப்பு தொடங்குங்கள். அஞ்சலகத்தில் என்றால் ஐந்து ஆண்டுக் கணக்காகிவிடும். சில வங்கிகளில் குறுகிய காலத்துக்கும் கிடைக்கும். எட்டு மாதத்துக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால், அடுத்த வைகாசிக்குள் எட்டாயிரமும் சிறிது வட்டியும் கையில் இருக்கும். அப்போதும் அந்தப் பெரிய விடுதி உங்கள் மனதில் இருந்தால், மழை குறைந்த ஒரு வார நாளில், பகல் வெளிச்சத்தில், கண்ணாடிச் சுவருக்கு உள்ளே மேசை கேட்டுப் போங்கள். வரி 18 சதவீதம் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.