அலுமாரிக்குள் பல்செட்

கேள்வி: மறதி நோய் உள்ள என் அம்மாவுக்கு 74 வயது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். நெஞ்சுச் சளிக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒன்பது நாளாகிறது. சாப்பிடுகிறார் இல்லை. என்னையே யாரென்று கேட்கிறார். விடியற்காலையில் 'பெரட்டுக்கு நேரமாச்சு' என்று கத்திக்கொண்டு இறங்கி ஓடுவதால் கையைக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். கண்ணாடி, பல்செட் எல்லாம் தொலையாமல் வீட்டு அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். காசு கொடுத்து ஆள் வைக்கலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: மகள், ஆள் வைக்கிற கதையைப் பிறகு பார்ப்போம். பல்செட் அலுமாரியில், அம்மா சாப்பிடுகிறார் இல்லை. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினீர்களே, சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லையா? பல்லில்லாமல் ஆஸ்பத்திரிச் சோற்றை எதனால் மெல்லுவது? கண்ணாடி இல்லாதவருக்கு உங்கள் முகமும் ஒரு மங்கல்தான். மறதி நோயாளிக்குப் புது இடமே தடுமாற்றம், அதில் கண்ணையும் பிடுங்கி வைத்திருக்கிறீர்கள்.

அவர் ஓடவில்லை, வேலைக்குப் போகிறார். பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பதுதானே. சிங்களம் மட்டும் தெரிந்த தாதிக்குப் பெரட்டு என்றால் என்ன விளங்கும்? கொழுந்து பறித்தவர், அந்த நேரத்தில் எழும்புவார், தேத்தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள் என்று சிங்களத்தில் எழுதித் தலைமாட்டில் ஒட்டுங்கள்.

தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் காட்டச் சொல்லி வார்டு டொக்டரைக் கேளுங்கள். பெயரைப் பார்த்து வேலை எடுத்துத் தருபவர் என்று நினைக்காதீர்கள் (நானும் ஒருகாலம் அப்படித்தான் நினைத்தேன்). அம்மாவுக்கு இன்னும் எது முடியும் என்று பார்ப்பவர் அவர். நிமிர்த்தி உட்காரவைத்து, கரண்டியை அவர் கையிலேயே கொடுத்து, முதல் வாய்க்கு மட்டும் கையைத் தாங்கிவிடுவார். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு தெரியாது, நிறத் தட்டு கொண்டுவரச் சொல்வார். படுக்கையிலேயே கிடந்தால் கால் பலம் போய்விடும் என்று பிடித்து நடத்துவார். வீட்டுக்கு விடுமுன் லயத்து வீட்டுக்கு எத்தனை படி, கக்கூஸ் எவ்வளவு தூரம் என்றும் கேட்பார். அப்படி ஒருவர் இல்லாத ஆஸ்பத்திரியும் உண்டு. அங்கே தாதியிடம் கேட்டுக்கொண்டு நீங்கள்தான் செய்ய வேண்டும்.

பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணிக்கக் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. இதற்கும் ஒரு சட்டம் தேவைப்பட்டதே என்று எனக்கு வெட்கம். இரவுக்கு ஆள் வையுங்கள், தப்பில்லை. சோற்று வேளைக்கு மகள்தான் நிற்க வேண்டும்.

பல்செட் டப்பாவிலும் கண்ணாடிக் கூட்டிலும் பிளாஸ்டர் ஒட்டி, அம்மாவின் பெயரையும் வார்டு இலக்கத்தையும் எழுதி இன்றைக்கே கொண்டுபோங்கள்.