அரசுக் கொள்முதலில் சிறு நிறுவனங்களின் பங்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கோவையில் லேத் பட்டறை நடத்துகிறோம், குழாய்களுக்கான பிளாஞ்சுகளைக் கடைந்து விற்கிறோம். மத்தியப் பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் ஒப்பந்தப்புள்ளியில் எங்கள் விலை, மிகக் குறைந்த விலையைவிட 12 சதவீதம் அதிகமாக இருந்தது. சிறு நிறுவனங்களுக்கு 15 சதவீதம் வரை கூடுதல் விலை தருவார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையில்லை. பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் சலுகை இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் கொள்முதல் கொள்கை 2012இல் அறிவிக்கப்பட்டது. 2015 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்டது. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்பது இப்போதைய இலக்கு. அதற்குள் பட்டியலினத்தவர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4 சதவீதமும் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 சதவீதமும் உண்டு.

குறைந்த விலை கூறியவர் குறு, சிறு நிறுவனம் அல்லாதவராக இருந்து, உங்கள் விலை அதற்கு மேல் 15 சதவீதத்துக்குள் இருந்தால், அவருடைய விலைக்கே இறங்கிவந்து, மொத்த அளவில் குறைந்தது கால் பங்கை வழங்கும் வாய்ப்பை உங்களுக்குத் தர வேண்டும் என்பதே விதி. தகுதியுள்ள சிறு நிறுவனங்கள் பல இருந்தால் அந்தக் கால் பங்கைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆகவே 15 சதவீதம் என்பது உங்களைப் பேச்சுக்கு அழைப்பதற்கான எல்லை. உங்கள் கைக்கு வரும் விலை அன்று. ஆயிரம் பிளாஞ்சுகளுக்கான ஆர்டரில் குறைந்த விலை ஒன்றுக்கு 1,000 ரூபாய், நீங்கள் கூறியது 1,120 ரூபாய் என்று கொள்வோம். உங்களுக்குக் கிடைப்பது 250 பிளாஞ்சுகள், அதுவும் 1,000 ரூபாய்க்கு. உங்கள் அடக்கவிலை 1,040 ரூபாய் என்றால் அந்த ஆர்டரில் 10,000 ரூபாய் நட்டம். எனவே விலை குறிக்கும் முன்பே, எந்த விலை வரை இறங்கினால் பட்டறை தாங்கும் என்பதைக் கணக்கிட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் கிடைத்த மகிழ்ச்சியில் அடக்கவிலையை மறந்து நொடித்துப்போகும் பட்டறைகளை நினைத்தே இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒப்பந்தப்புள்ளியுடன் கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகை, அதாவது ஈ.எம்.டி., செலுத்துவதிலிருந்து உங்களுக்கு விலக்கு உண்டு. ஒப்பந்தப்புள்ளிப் படிவமும் இலவசம். ஆனால் ஆர்டர் கைக்கு வந்தபின் கட்ட வேண்டிய செயல்பாட்டு உத்தரவாதத் தொகைக்கு அந்த விலக்கு பொருந்தாது. வங்கி உத்தரவாதம் பெறுவதற்கு ஆகும் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசின் இணையவழிக் கொள்முதல் தளமான ஜெம்மில் பங்கேற்பதாக இருந்தால், சிறு நிறுவனத்துக்கான முன்னுரிமையை விலை அளிக்கும்போதே கோரிவிட வேண்டும்.

கேள்வி: திருநெல்வேலியில் எழுதுபொருள்களை மொத்தமாக வாங்கி அரசு அலுவலகங்களுக்கு விற்கிறேன். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் வைத்திருக்கிறேன். எனக்கும் இந்தச் சலுகைகள் உண்டா?

பதில்: இல்லை. வணிகர்கள் உத்யமில் பதிவு செய்ய 2021இல் அனுமதிக்கப்பட்டது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே. கொள்முதல் கொள்கையின் பயன் உற்பத்தி செய்பவர்களுக்கும் சேவை வழங்குபவர்களுக்கும் உரியது. மேலும் நீங்கள் விற்பது மாநில அரசு அலுவலகங்களுக்கு என்றால், அங்கே 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன்கீழ் வகுத்த விதிகளுமே பொருந்தும்.

கேள்வி: திருப்பூரில் சீருடை தைக்கும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். பொதுத்துறை நிறுவனம் ஒன்று சரக்கைப் பெற்று ஐந்து மாதங்களாகியும் பணம் தரவில்லை. புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராதோ என்று அஞ்சுகிறேன் அம்மா.

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, தையல்காரர்களுக்கு வாரக் கூலி கொடுக்க வேண்டியவருக்கு ஐந்து மாதம் என்பது பெரும் சுமை. ஆனால் சட்டம் உங்கள் பக்கம் உறுதியாகவே நிற்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துமூல ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த நாளுக்குள், எவ்வாறாயினும் சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாள்களுக்குள், வாங்கியவர் பணம் தர வேண்டும். சரக்கு வந்த 15 நாள்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேரும்.

உடனே வழக்கு என்று போக வேண்டியதில்லை. முதலில் அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு உத்யம் எண்ணையும் ரசீதையும் ஏற்பு நாளையும் குறிப்பிட்டுக் கடிதம் எழுதுங்கள். வருமான வரிச் சட்டத்தில் 2023-24 நிதியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை வாங்கியவர், அதைக் கொடுத்து முடிக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். இதை மரியாதையாக நினைவூட்டினாலே பல இடங்களில் கோப்பு நகரும். இனி வரும் ரசீதுகளை, ரசீதின்மேல் கடன் தரும் இணையத் தளமான ட்ரெட்ஸில் ஏற்றலாமா என்றும் கேளுங்கள். வாங்கியவர் ஒப்புக்கொண்ட ரசீதின்மேல் வங்கிகள் அங்கே முன்கூட்டியே பணம் தருகின்றன. வாங்கியவர் தவறினாலும் உங்களிடம் திருப்பிக் கேட்க முடியாது. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும் அதில் சேர்ந்தாக வேண்டும்.

அதற்கும் பதில் இல்லையெனில், தாமதமாகும் பணம் குறித்த தகராறுகளை விசாரிக்க 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த வசதியாக்க மன்றத்தில் இணையவழியாக மனு அளியுங்கள். அம்மன்றம் முதலில் சமரசம் பேசும், அது முறிந்தால்தான் நடுவர் தீர்ப்புக்குச் செல்லும். தீர்ப்பை எதிர்க்க விரும்பும் நிறுவனம், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை நீதிமன்றத்தில் கட்டியாக வேண்டும். மனுவுக்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள்: பதிவுக்கு முன் வழங்கிய சரக்குக்கு இந்தச் சட்டத்தின் பயன் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியிருக்கிறது. உங்கள் உத்யம் பதிவு நாள் ஒப்பந்த நாளுக்கு முந்தியதாக இருந்தால் தயங்காமல் மனு செய்யுங்கள்.