கொழும்பில் காரைச் சார்ஜ் போடுவது: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

வயரிங் வேலையில் எனக்கு இருபது வருடம் ஆகிறது. 2015இல் ஜப்பானிலிருந்து வந்த நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்று வாங்கினேன், இன்றைக்கும் அதைத்தான் ஓட்டுகிறேன். இந்தக் கிழமை வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து: தொடர்மாடியில் இருக்கிறோம். கார் தரிப்பிடம் உண்டு, பிளக் இல்லை. பொது மீற்றரிலிருந்து கரன்ட் எடுக்கக் கொமிட்டி விடவில்லை. என்ன செய்யலாம்?

அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது அக்கா. உங்கள் கார் ஓடுவதற்கு மேல்மாடிக்காரர் காசு கட்ட முடியாதுதானே. உங்கள் வீட்டு மீற்றரிலிருந்து தரிப்பிடம் வரை தனி வயர் இழுக்க முடிந்தால் அதுதான் நல்லது. முடியாவிட்டால் பொது இணைப்பில் உங்களுக்கென்று துணை மீற்றர் ஒன்று பொருத்தி, மாதம் ஓடிய யூனிட்டுக்குக் காசைக் கட்டிவிடுங்கள். இதை எழுத்தில் கொடுத்துக் கேட்டால் பெரும்பாலான கொமிட்டிகள் இறங்கி வரும்.

இன்னொரு விஷயத்தையும் இப்போதே பேசிவிடுங்கள். இன்றைக்கு உங்களிடம் மட்டும் மின்சாரக் கார் இருக்கலாம், நாளைக்குப் பத்து வீட்டில் இருக்கும். பத்துக் காரும் ஆளுக்கு 16 அம்பியர் இழுத்தால் 160 அம்பியர். லிஃப்டும் தண்ணீர்ப் பம்பும் வீடுகளின் ஏசியும் ஓடுகிற இரவு ஏழு மணிக்குக் கட்டடத்தின் இணைப்பு அதைத் தாங்காது. யாழ்ப்பாணத்தில் பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைத்தது உங்கள் அம்மா அப்பாவுக்கு நினைவிருக்கும். இங்கேயும் அதே ஒழுங்குதான் வேண்டும்: இரவு 10.30க்குப் பிறகு, முறை வைத்து. நாட்டின் உச்ச மின்தேவை மாலை 6.30 முதல் 10.30 வரை, அதனால் அந்த நேரத்தைத் தவிர்ப்பது எல்லோருக்கும் நல்லது.

தெஹிவளையில் சொந்த வீடு. 7 கிலோவாட் சார்ஜர் போடலாமா?

முதலில் உங்கள் இணைப்பைப் பாருங்கள் தம்பி. சாதாரண வீட்டு இணைப்பு ஒற்றை பேஸ், 30 அம்பியர். 7 கிலோவாட் சார்ஜர் மட்டுமே ஏறக்குறைய அவ்வளவையும் இழுத்துவிடும், ஒரு கேத்தல் போட்டாலே பிரேக்கர் விழும். அதை 16 அம்பியருக்குக் குறைத்து வையுங்கள். ஊருக்குள் நாளுக்கு 40 கிலோமீற்றர் ஓடினால் ஆறேழு யூனிட்தான் போகும், இரண்டு மணித்தியாலத்தில் ஏறிவிடும்.

பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், ட்ரிப் சுவிட்ச், நல்ல எர்த், இவ்வளவும் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் வயரில் கார் சார்ஜ் போடவே வேண்டாம். உருகிப்போன பிளக்குகளைக் கழற்றியவன் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: புதுக் கார் வாங்கினேன். சார்ஜ் நிலையத்துக்குப் போனால் முனை பொருந்தவில்லை.

ஜப்பானிலிருந்து வந்த லீஃபுக்கு வேகச் சார்ஜ் முனை சாடெமோ. இங்கே முகவர்கள் விற்கிற பிவைடி போன்ற புதுக் கார்களுக்கு சிசிஎஸ் 2. சீனாவின் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த காரை யாராவது தனியாக இறக்கியிருந்தால் அதில் ஜிபி/டி இருக்கும். மூன்றும் மூன்று சாதி, ஒன்றின் முனை மற்றதில் போகாது. காரின் மூடியைத் திறந்து படம் எடுத்து வைத்துக்கொண்டு, போகுமுன் நிலையத்துக்கு அழைத்து இந்த முனை இருக்கிறதா, இன்றைக்கு வேலை செய்கிறதா என்று இரண்டையும் கேளுங்கள். ஒருமுறை 4 சதவீதத்தோடு போய், செயலியில் பச்சை காட்டிய சார்ஜர் செத்துக் கிடந்ததைப் பார்த்து நின்றிருக்கிறேன். அன்றிலிருந்து அழைக்காமல் போவதில்லை.

நுகேகொடையிலிருந்து: 80 சதவீதத்தில் கழற்றச் சொல்கிறார்கள். காசு கொடுப்பவன் நான், ஏன் கழற்ற வேண்டும்?

வேகச் சார்ஜரில் 80க்கு மேல் பற்றரி கரன்ட்டை மெதுவாகத்தான் வாங்கும். கடைசி இருபதுக்கு ஆகும் நேரத்தில் பின்னால் நிற்பவரின் கார் பாதிக்கு மேல் ஏறிவிடும். அவர் வீட்டில் பிளக் இல்லாதவராக இருக்கலாம், வாடகைக்கு ஓடுபவராக இருக்கலாம். மிச்சத்தை வீட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். நீண்ட பயணம் என்றால் மட்டும் பின்னால் நிற்பவரிடம் சொல்லிவிட்டு நிரப்புங்கள்.

வத்தளையில் ஒரு பழைய லீஃப் விலைக்கு வந்திருக்கிறது. பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் பன்னிரண்டு கோடும் நிறைய இருக்கிறது. வாங்கலாமா?

அந்தக் கோடுகளை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பற்றரிக் கணினியை ரீசெட் செய்து பன்னிரண்டையும் காட்ட முடியும், சில கிழமை ஓடியதும் உண்மைக் கோடு திரும்ப வரும். காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவியும் லீஃப் ஸ்பை செயலியும் வைத்திருப்பவரைக் கூட்டிப்போய்ப் பற்றரியின் ஆரோக்கிய அளவையும் செல்களுக்கு இடையிலான வோல்டேஜ் வித்தியாசத்தையும் பாருங்கள். ரீசெட் செய்திருந்தால் அந்த எண்ணும் கொஞ்ச நாளைக்கு ஏமாற்றும். அதனால் முழுச் சார்ஜில் எடுத்து, ஏசி போட்டு, 20 சதவீதம் வரும்வரை ஓட்டிக் கிலோமீற்றரை எழுதிக்கொள்ளுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். பழைய லீஃப் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை, நம் ஊர் வெக்கையில் அது கெதியாகத் தேயும். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கொலன்னாவையிலிருந்து: மழையில் சார்ஜ் போடலாமா?

போடலாம். முனை சரியாகப் பூட்டியதைக் காரும் சார்ஜரும் உறுதி செய்த பிறகுதான் கரன்ட் வரும். ஆனால் களனி ஆறு பெருகித் தரையில் தண்ணீர் ஏறத் தொடங்கினால் சார்ஜரின் பிரேக்கரை நிறுத்திவிட்டு, கழற்றி, காரை மேட்டுக்குக் கொண்டுபோங்கள்.

40 யூனிட் பற்றரி உள்ள லீஃபில் யாழ்ப்பாணம் போய்வரலாமா?

போக மட்டும் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வழியில் ஒரு வேகச் சார்ஜ் போதாது, இரண்டு வேண்டும். ஒவ்வொரு முறையும் பற்றரி சூடேறும், சூடேறிய பற்றரி அடுத்த சார்ஜரில் மெதுவாகத்தான் வாங்கும். விடியற்காலை நாலு மணிக்கு வெளிக்கிடுங்கள், மணிக்கு 70ஐத் தாண்டாதீர்கள், முதல் நிறுத்தத்தில் சாப்பிட்டு ஆறுதலாகப் புறப்படுங்கள். போய் இறங்கியதும் சொந்தக்காரர் வீட்டுப் பிளக்கில் 10 அம்பியருக்கு மேல் இழுக்க வேண்டாம். இழுத்த யூனிட்டுக்குக் காசையும் கொடுத்துவிடுங்கள்.