வேலையை விடச் சொல்லி ஒரு தீர்க்கதரிசனம்

கேள்வி: எங்கள் சபைக்கு வந்திருந்த ஒரு தீர்க்கதரிசி, கூட்டத்தின் நடுவில் என்னை எழுப்பி நிறுத்தி, “மூன்று மாதத்துக்குள் வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வா, இல்லாவிட்டால் உன் அபிஷேகம் வேறொருவருக்குப் போய்விடும் என்று கர்த்தர் சொல்லுகிறார்” என்றார். தனியாக ஜெபிக்க வேண்டுமானால் காணிக்கையோடு வரச் சொன்னார். வீடு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. கேட்காவிட்டால் தேவனுக்குக் கீழ்ப்படியாதவள் ஆகிவிடுவேனா? தூக்கமே வருவதில்லை.

பதில்: அன்புள்ள சகோதரி, ராஜினாமா கடிதம் எழுதி வைத்திருந்தால் கொடுத்துவிடாதீர்கள். தீர்க்கதரிசனத்தைச் சோதித்துப் பார்ப்பது கீழ்ப்படியாமை ஆகாது, சோதிக்கச் சொன்னதே வேதம்தான். தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதீர்கள் என்று எழுதிய பவுல், அடுத்த வரியிலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார் (1 தெசலோனிக்கேயர் 5:20, 21). கொரிந்து சபைக்கும் இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்றுதான் எழுதினார்.

இன்றைக்கும் தீர்க்கதரிசிகள் உண்டா என்பதில் சபைகள் ஒன்றுபடவில்லை. அந்த வரம் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்தது என்பவர்களும் உண்டு, இன்றும் இருக்கிறது என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது பக்கம். ஆனால் வரம் இருக்கிறது என்பதாலேயே, அது தன்னிடம் இருப்பதாகச் சொல்பவர் பேசுவதெல்லாம் கர்த்தருடைய வார்த்தை ஆகிவிடாது. நாத்தான் உண்மையான தீர்க்கதரிசி. தாவீது ஆலயம் கட்ட நினைத்தபோது, “உம்முடைய மனதில் உள்ளபடியெல்லாம் செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறார்” என்று உடனே சொல்லிவிட்டார். அன்று இரவே கர்த்தர் அவரைத் திருத்தி அனுப்பினார் (2 சாமுவேல் 7).

1 இராஜாக்கள் 13-ஐ இன்றைக்கு நிதானமாகப் படியுங்கள். யூதாவிலிருந்து பெத்தேலுக்கு வந்த தேவனுடைய மனுஷனிடம், அங்கே அப்பம் சாப்பிடாதே, தண்ணீர் குடிக்காதே, போன வழியாய்த் திரும்பாதே என்று கர்த்தர் சொல்லியிருந்தார். ராஜா விருந்துக்குக் கூப்பிட்டும் அவர் போகவில்லை. அப்புறம், மரத்தடியில் உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு கிழவர் வந்து, உம்மைப்போல நானும் தீர்க்கதரிசிதான், உம்மை வீட்டுக்குக் கூட்டிவரும்படி ஒரு தூதன் என்னோடு சொன்னான் என்றார். அது பொய். அவரோ அதை நம்பித் திரும்பிப்போய்ச் சாப்பிட்டார், வழியில் ஒரு சிங்கம் அவரைக் கொன்றது. ராஜாவுக்கு அசையாதவர், ‘தீர்க்கதரிசி’ என்ற அந்த ஒரு சொல்லுக்கு அசைந்துவிட்டார். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

அதனால் உங்களிடம் ஒரு கேள்வி. ஊழியத்தைப் பற்றி கர்த்தர் இதற்கு முன் உங்களோடு ஏதாவது பேசியிருக்கிறாரா? அந்தியோகியாவில் ஆவியானவர், “நான் அழைத்த ஊழியத்துக்காக” பர்னபாவையும் சவுலையும் (பவுலின் இன்னொரு பெயர்) பிரித்துவிடுங்கள் என்றார் (அப்போஸ்தலர் 13). அழைப்பு சவுலுக்கு முன்னமே வந்திருந்தது. சபை உபவாசித்து, ஜெபித்து, கைவைத்து அனுப்பியது. அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களையே கட்டிக்கொண்டு, எருசலேமில் நடக்கப்போவதைக் காட்டினாரே, போகலாமா வேண்டாமா என்ற தீர்மானத்தைப் பவுலிடம்தான் விட்டார்.

மூன்று மாதக் கெடு என்னை உறுத்துகிறது. யோனாவும் நினிவேக்கு நாற்பது நாள் கெடு சொன்னாரே என்று கேட்பீர்கள். அது பாவத்தை விட்டுத் திரும்பாத ஊருக்கு. நீங்கள் வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றுகிறீர்கள், அதில் என்ன பாவம்? தீர்க்கதரிசனம் சொல்கிறவர் பக்திவிருத்திக்கும் புத்திக்கும் ஆறுதலுக்கும் பேசுகிறார் என்கிறது 1 கொரிந்தியர் 14:3. உங்களுக்குக் கிடைத்ததோ தூக்கமில்லாத இரவுகள்.

காணிக்கை விஷயம் இன்னும் தெளிவு. தனியாக ஜெபிக்கப் போகாதீர்கள். குஷ்டம் நீங்கிய நாகமான் கொடுத்த வெகுமதியை எலிசா தீர்க்கதரிசி தொடவில்லை, பின்னால் ஓடிப்போய் வாங்கிய அவருடைய வேலைக்காரன் கேயாசிக்குக் குஷ்டம்தான் கிடைத்தது. திதாக்கே என்ற ஆதிச்சபை நூலும், ஆவியில் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு தனக்குப் பணம் கேட்பவருக்குச் செவிகொடுக்காதீர்கள் என்கிறது. இல்லாதவர்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டால் மட்டும் அவரைக் குற்றப்படுத்த வேண்டாமாம்.

சரி, இனி செய்ய வேண்டியது. அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் ஒரு தாளில் எழுதுங்கள். அதை உங்கள் போதகரிடமும், உங்களை வருஷக்கணக்காக அறிந்த முதிர்ந்த விசுவாசிகள் இரண்டு பேரிடமும் காட்டி, சேர்ந்து ஜெபிக்கக் கேளுங்கள். வீட்டாரிடம் மறைக்காதீர்கள். கர்த்தர் உண்மையாகவே ஊழியத்துக்கு அழைத்தால், இத்தனை பேர் நிதானித்ததால் அந்த அழைப்பு கைநழுவிப் போய்விடாது. அதுவரை வேலைக்குப் போங்கள், சபையில் இப்போது செய்கிற ஊழியத்தையும் விடாதீர்கள். மூன்று மாதம் முடிகிற அந்த வாரத்தில் மறுபடி பயம் பிடித்தால் எனக்கு எழுதுங்கள்.