கேளுங்க, சொல்றேன்: புள்ளி ரெண்டுக்கு என்ன அர்த்தம்?

போன மாசம் ஏதோ ஒரு பதில்ல "இந்த ஆல்பத்துக்கு எத்தன ஸ்டார்னு எங்கிட்ட கேக்காதீங்க"னு போற போக்குல எழுதிட்டேன், அவ்ளோ தான், இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல ரேட்டிங் பத்தி தான். சரி, முழுசா பேசிடுவோம்.

எம்மக பொலிடெக்னிக்ல படிக்கிறா. ஒரு ஆல்பம் எப்படி இருக்குனு கேட்டா, கேட்டு பாக்காமலே "பிட்ச்ஃபோர்க்ல 8.3 மா"ங்கிறா, அது ஆல்பத்துக்கு விமர்சனம் எழுதி பத்துக்கு மார்க் போடற அமெரிக்க வெப்சைட்டாம். இன்னொன்னு 8.1 தானாம், அதனால இது தான் பெட்டராம். இந்த புள்ளி ரெண்டுக்கு என்னங்க அர்த்தம்? (வாசகி, தெம்பனிஸ்)

அக்கா, நம்ம சிங்கப்பூர்ல பிரைமரி ஆறு முடிக்கும்போது எழுதற பிஎஸ்எல்இ பரீட்சை, அதோட பழைய டி-ஸ்கோர் மார்க் ஞாபகம் இருக்குல்ல? ஒரு மார்க்ல புள்ளைக்கு ஸ்கூலே மாறிப்போகும், வீட்ல சோறு இறங்காது. கடைசில கல்வி அமைச்சே இவ்ளோ பொடிப்பொடியா பிரிக்க வேணாம்னு 2021ல ஏஎல்னு அகலமான தரநிலையா மாத்திட்டாங்க, இப்ப 90 எடுத்தாலும் 99 எடுத்தாலும் ஏஎல்1 தான். பிட்ச்ஃபோர்க் இன்னும் டி-ஸ்கோர் காலத்துலயே இருக்கு. 0.0ல ஆரம்பிச்சு 10.0 வரைக்கும் எண்ணி பாத்தீங்கனா 101 படி வருது. ஒரு மனுசனோட காது ஒரு ஆல்பத்த 101 படில எந்த படில வெக்கிறதுனு துல்லியமா சொல்லிடுமா? என் காது சொல்லாது, காலைல ஒரு மாதிரி கேக்கும், நைட் ஷிப்ட் முடிஞ்சு கடைசி எம்ஆர்டில உக்காந்திருக்கும்போது வேற மாதிரி கேக்கும்.

ஆனா மார்க் போடற பழக்கம் எங்கேந்து வந்துச்சுனு பாத்தா அதுல ஒரு நியாயம் இருக்கு. ராபர்ட் கிறிஸ்ட்காவ்னு ஒரு அமெரிக்க விமர்சகர், வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகைல 1969லேந்து ஆல்பங்களுக்கு வாத்தியார் மாதிரி ஏ, பி, சினு கிரேட் போட்டு நாலு வரி எழுதுவார். அந்த பகுதிக்கு பேரே வாங்குறவங்களுக்கான கைடுங்கற அர்த்தத்துல தான் வெச்சிருந்தார். ஏன்னா ரெக்கார்டு காசு குடுத்து வாங்கற சாமான், வீட்டுக்கு கொண்டு வந்து தட்டுல வெச்சப்புறம் தான் உள்ள என்ன இருக்குனே தெரியும், யாராச்சும் முன்னாடியே கேட்டுட்டு வாங்கு, வாங்காதனு சொன்னா பர்ஸ் தப்பிக்கும்.

இங்க எனக்கு அப்படி ஒருத்தர் இருந்தார். நான் என்எஸ்ல, அதான் தேசிய சேவைல இருந்த நேரம், சிராங்கூன் ரோட்லேந்து உள்ள போற ஒரு சந்துல சின்ன கேசட் கடை. கடைக்கார அண்ணே கவுண்டர்ல ஒரு டெக் வெச்சிருப்பார், பக்கத்துல சிக்குன டேப்ப சுத்துறதுக்கு ஒரு பென்சில், அது ரப்பர் போய் தகரம் மட்டும் இருக்கும். புது கேசட் வந்தா சைடு ஏ மொத பாட்ட ஒரு நிமிசம் தான் போடுவார், அப்புறம் டக்குனு நிறுத்திட்டு தீர்ப்பு சொல்வார். "இது காருக்கு." "இது அம்மாவுக்கு வாங்கிட்டு போ." "இதுல ரெண்டு பாட்டு தான் தேறும், காச வீணாக்காத தம்பி, எம்டி கேசட் குடு, பதிஞ்சு தரேன்." ஸ்டாரும் இல்ல மார்க்கும் இல்ல, ஆனா அலவன்ஸ எண்ணி எண்ணி செலவு பண்ற பையனுக்கு இத விட என்ன வேணும்.

அவருக்கு டிரம் மெசின் சத்தம்னாலே ஆகாது. ரஹ்மான் கேசட் போட்டா மூஞ்சிய சுளிச்சுட்டு "என்னப்பா, தகர டப்பாவ உருட்டி விட்ட மாதிரி இருக்கு"ம்பார். ரெண்டு மூணு தடவைலயே எனக்கு புரிஞ்சு போச்சு, அண்ணே எத தகர டப்பாங்கிறாரோ அத நான் கண்ண மூடிட்டு வாங்கலாம். அவர் எனக்கு கிடைச்ச நல்ல விமர்சகர், பாதி நேரம் நான் அவருக்கு நேர்மாறா வாங்கினாலும் அவர் காது எனக்கு தெரியும்ங்கறதால.

உங்க மககிட்ட இத மட்டும் கேளுங்க, அந்த 8.3 போட்டது யாரு, அதே ஆளு வேற எதுக்கெல்லாம் என்ன எழுதியிருக்கார்னு. தெரியாதுன்னா அந்த நம்பர் ரோட்ல போற யாரோ சொன்னதுக்கு சமம். இப்ப தான் ரெண்டு நிமிசத்துல போன்லயே கேட்டுக்கலாமே, கேட்டு பாத்துட்டு நீங்க ஒண்ணு சொல்லுங்க, அவ ஒண்ணு சொல்லட்டும், வீட்ல கொஞ்சம் பேச்சாவது நடக்கும்.

பிட்ச்ஃபோர்க்க மூடிட்டாங்களாமே? (வாசகர், பிடோக்)

மூடல. 2024 ஜனவரில அத ஜிக்யூங்கற ஆம்பளைங்க பத்திரிகையோட சேத்து விட்டாங்க, எழுதிட்டிருந்தவங்க பல பேருக்கு வேல போச்சு. மார்க் மட்டும் இன்னும் வந்துட்டு தான் இருக்கு.

ஒருத்தர் காத நம்ப முடியாதுங்கிறீங்க, சரி. அப்ப இருவது முப்பது பேரோட மார்க்க கூட்டி ஆவரேஜ் எடுத்தா? மெட்டாக்ரிட்டிக் அத தான பண்றாங்க, அது நியாயமான முறை தானே? (பொறியாளர் ஒருத்தர், ஜூரோங்)

சார், உங்க தொழில்ல அளவுகோல் ஒண்ணா இருக்கும், மில்லிமீட்டர்னா எல்லாருக்கும் மில்லிமீட்டர். இங்க ஒருத்தர் அஞ்சுக்கு ஸ்டார் போடறார், ஒருத்தர் பத்துக்கு மார்க், ஒருத்தர் எழுத்து கிரேட், இன்னொருத்தர் எதுவுமே போடாம கட்டுரை மட்டும் எழுதிட்டு போயிடறார். எல்லாத்தையும் மெட்டாக்ரிட்டிக் நூத்துக்கு மாத்துறாங்க. பினு கிரேட் போட்டா 75, பி மைனஸ்னா 67. எழுதினவர் மனசுல "பரவால்ல, கேக்கலாம்"னு நெனச்சு பி மைனஸ் போட்டிருப்பார், 67னு பாக்கறவன் "ஐயோ, சுமார்"னு போயிடுவான். மார்க்கே போடாத கட்டுரைய அங்க வேல செய்றவங்க படிச்சுட்டு, இது இவ்ளோ இருக்கும்னு அவங்களே ஒரு நம்பர் வெக்கிறாங்க. அதுக்கு மேல சில பத்திரிகைக்கு வெயிட் ஜாஸ்தி, சிலதுக்கு கம்மி, எதுக்கு எவ்ளோனு வெளிய சொல்றதில்ல.

அத விடுங்க, கணக்கு சரியாவே இருக்கட்டும். கோப்பிக்கடைல ஒருத்தர் பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கோசோங் கேக்கறார், இன்னொருத்தர் இனிப்பு தூக்கலா கோப்பி கா தாய் கேக்கறார். ரெண்டையும் கலந்து சராசரியா ஒரு கிளாஸ் போட்டு நீட்டினா ரெண்டு பேரும் குடிக்காம திருப்பி வெச்சிடுவாங்க. நாலு பேர் 100ம் நாலு பேர் 40ம் போட்ட ஆல்பம் 70, எட்டு பேரும் கொட்டாவி விட்டுட்டே 70 போட்ட ஆல்பமும் 70. நான் மொத ஆல்பத்த தான் தேடி போய் கேப்பேன், ஏன்னா அதுல என்னமோ இருக்கு, இல்லனா அந்த நாலு பேருக்கு ஏன் அவ்ளோ கோவம் வருது?

விமர்சகர்கள் தப்பு பண்ணி ஒத்துக்கிட்ட கதை ஏதாச்சும் இருக்கா? (வாசகர், புக்கிட் பாத்தோக்)

நெறைய. லெட் செப்பலின்ங்கற ராக் பேண்டோட மொத ஆல்பத்த 1969ல ரோலிங் ஸ்டோன் பத்திரிகை மட்டம் தட்டி எழுதினாங்க, அதே பத்திரிகை 2003ல போட்ட சிறந்த 500 ஆல்பம் லிஸ்ட்ல அதுக்கு 29வது இடம் குடுத்தாங்க. லிஸ் ஃபேர்னு ஒரு பாடகி, 2003ல வந்த அவங்க ஆல்பத்துக்கு பிட்ச்ஃபோர்க் 0.0, அதாவது முட்ட. எழுதின விமர்சகர் பல வருசம் கழிச்சு டுவிட்டர்ல மன்னிப்பே கேட்டார். 2021ல பிட்ச்ஃபோர்க்காரங்களே பழைய ரிவியூஸ்ல ஒரு 19 எடுத்து மார்க்க திருத்தினாங்க, லிஸ் ஃபேருக்கு முட்ட 6.0 ஆச்சு, டாஃப்ட் பங்க்ங்கற பிரெஞ்சு இசை ஜோடியோட டிஸ்கவரி ஆல்பம் 6.4லேந்து நேரா 10க்கு போச்சு. எனக்கு இதுல ஒரு சின்ன வருத்தம் தான், அந்த முட்ட தப்பான முட்டையா இருந்தாலும் 2003ல ஒருத்தர் உண்மையிலேயே கோவப்பட்டு போட்ட முட்ட, 6.0னா என்ன, யாரையும் நோகடிக்காத நம்பர்.

தமிழ் பட ஆல்பம் எது வந்தாலும் எல்லா சைட்லயும் 3 இல்லனா 3.5 தான் வருது. ஏன் அண்ணே? (வாசகி, ஈசூன்)

ரெண்டு காரணம் எனக்கு தோணுது. ஒண்ணு, அவசரம். சாயந்தரம் பாட்டு வந்தா நைட்டுக்குள்ள ரிவியூ வரணும், ஒவ்வொரு பாட்டையும் ஒண்ணரை தடவ கேட்டுட்டு என்னனு எழுதுவான் அந்த பையன், நடுவுல போட்டு தப்பிச்சுக்கறான். நம்ம ஊர்ல ஸ்லோ பாய்சன்னு ஒரு வார்த்த சும்மாவா வந்துச்சு? கேக்க கேக்க தான் புடிக்கும்னு ரஹ்மான் பாட்டுக்கு சொல்லி சொல்லி தேஞ்சே போன வார்த்த அது, ஆனா பொய்யில்ல. ஸ்லோ பாய்சனுக்கு மொத நாள்ல மார்க் போட சொன்னா டாக்டரே திணறுவார். ரெண்டாவது, 2 போட்டா ஃபேன்ஸ் வந்து குடும்பத்தையே இழுப்பாங்க, 4.5 போட்டா எவ்ளோ வாங்கினனு கேப்பாங்க.

இப்ப பாட்டெல்லாம் மாசத்துக்கு ஒண்ணா தனித்தனியா விடறாங்க, ஆல்பம் முழுசா வரும்போது பாதி பழசாயிடுது. அதுக்கு அப்புறம் படம் ஓடலனா பாட்டும் சேந்து அடி வாங்கும். ஆல்பத்த ஆல்பமா எடுத்து வெச்சு பேசறதுக்கு இடமே இல்ல.

சுப்புடு மாதிரி இப்ப யாரும் இல்லையே? (வாசகர், அங் மோ கியோ)

கச்சேரிய வாரு வாருனு வாரின விமர்சகர், 2007ல போயிட்டார். அவருக்கு முன்னாடி கல்கி, 'கர்நாடகம்'ங்கற பேர்ல ஆனந்த விகடன்ல கச்சேரி விமர்சனம் எழுதினார். ரெண்டு பேரையும் ஜனங்க மார்க்குக்காக படிக்கல, என்ன சொல்லி வாரியிருக்கார்னு பாக்க தான் படிச்சாங்க. விகடன் மார்க்லாம் சினிமாவுக்கு, '16 வயதினிலே'க்கு 62.5 போட்டத இன்னும் பெருமையா சொல்லிட்டிருக்கோமே, அது.

நானும் நண்பர்களும் சேந்து அஞ்சு பாட்டுல ஒரு தமிழ் இபி பண்ணோம், எங்க சொந்த காசு. தெரிஞ்சவங்க எல்லாரும் சூப்பர்னாங்க. முகம் தெரியாத ஒருத்தர் மட்டும் 2/5 போட்டு, மூணாவது பாட்டுல குரலே கேக்கல, டிரம்ஸ் முழுங்கிடுச்சுனு எழுதியிருக்கார். பதில் போடவா? (இளைஞர், உட்லண்ட்ஸ்)

தம்பி, பதில் போடாதீங்க, அவருக்கு ஒரு கோப்பி வாங்கி குடுங்க.

இங்க நம்ம ஆளுங்க எவ்ளோ பேரு சொல்லுங்க. இன்னைக்கு ஒரு பாட்ட நல்லால்லனு எழுதினா, ஞாயித்துக்கிழம தேக்கா மார்க்கெட்ல ஆட்டுக்கறி வாங்க நிக்கும்போது பாடினவரோட மாமா பின்னாடி நிப்பார். அடுத்த மாசம் ஏதாச்சும் கல்யாணத்துல பாடினவரே மைக்கோட நிப்பார். அதனால நாங்க எல்லாரும் "நல்ல முயற்சி, வாழ்த்துகள்"னு எழுதி பழகிட்டோம். பல வருசத்துக்கு முன்னாடி உங்கள மாதிரியே ஒரு பையன் சிடி குடுத்தான், மொத்த சிடிலயும் வயலின் சுருதி விலகி இருந்துச்சு, எனக்கு நல்லாவே கேட்டுச்சு. நல்ல முயற்சினு எழுதினேன். அவனும் அத வெட்டி ஃபிரேம் போட்டு மாட்டிட்டான், அடுத்த சிடிலயும் அதே வயலின், அதே விலகல். அந்த ஃபிரேம பாத்த அன்னைக்கு எனக்கு சங்கடமா போச்சு.

உங்க மூணாவது பாட்ட கேட்டேன். வீட்டு ஸ்பீக்கர்ல குரல் இருக்கு, பஸ்ல சாதா இயர்போன்ல கேட்டா ரெண்டாவது சரணத்துல வார்த்தையே புரியல, அந்த ஆள் சொன்னது சரி. மிக்ஸ் பண்ணும்போது நல்ல ஹெட்போன்ல மட்டும் கேட்டிருப்பீங்கனு நெனக்கிறேன், அடுத்த தடவ யாரோட கார்லயாச்சும் ஒரு ரவுண்டு போட்டு பாருங்க, போன் ஸ்பீக்கர்லயும் ஒரு தடவ. அஞ்சாவது பாட்டு எனக்கு ரொம்ப புடிச்சுது, அந்த ஆள் அத பத்தி ஒரு வரி கூட எழுதல, அதுல அவர் காது கொஞ்சம் மக்கர்.

அடுத்தது வந்தா அனுப்புங்க. கறிக்கடைல உங்க மாமாவ நான் பாத்துக்கறேன்.