இலை அச்சில் நரம்புகள் ஏன் பதிவதில்லை?

கேள்வி: பூவரசு, செம்பருத்தி இலைகளில் தூரிகையால் அக்ரிலிக் வண்ணம் பூசித் தாளில் அழுத்துகிறேன். இலையின் உருவம் திட்டாகப் பதிகிறதே தவிர, நரம்புகள் தெரிவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நரம்புகள் புடைத்திருப்பது இலையின் அடிப்பக்கத்தில்தான் என்பதால், வண்ணத்தை அந்தப் பக்கத்திலேயே பூச வேண்டும். அப்படிப் பூசியும் திட்டாக விழுகிறது என்றால், வண்ணம் மிகுந்துவிட்டது என்றே பொருள். தூரிகையால் பூசும்போது நரம்புகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களும் நிரம்பிவிடுவதால், பிறகு எவ்வளவு பக்குவமாக அழுத்தினாலும் பயனில்லை. கண்ணாடித் துண்டொன்றின் மீது ரப்பர் உருளையால் வண்ணத்தை மெல்லிய படலமாகப் பரப்பி, அந்த உருளையை இலையின் மேல் ஓட்டுங்கள். கண்ணாடியில் உருளை ஓடும்போது மெல்லிய சரசரப்பு கேட்டால் அளவு சரி. பிசுபிசுவென்று ஒட்டி எழுந்தால் வண்ணத்தைக் குறைக்க வேண்டும்.

அக்ரிலிக் நம் வெயிலுக்குச் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும் என்பதால் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள். நுணுக்கம் வேண்டுமானால் அச்சுக்கலைக்கென்றே விற்கப்படும் எண்ணெய் மையே என் தேர்வு.

பறித்த இலையைச் செய்தித்தாள்களுக்கிடையே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கிச் சில மணி நேரம் விட்டால், அது துவண்டு தட்டையாகும். மை பூசிய இலையைத் தாளில் கவிழ்த்து, மேலே மற்றொரு தாளை விரித்து, காம்பை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, நடு நரம்பிலிருந்து ஓரங்களை நோக்கித் தேய்த்துக்கொண்டே போங்கள். மறுபடி மை பூசாமல் எடுக்கும் இரண்டாவது பதிவுதான் பெரும்பாலும் தெளிவாக அமையும். முதல் பதிவைக் கண்டு சோர்ந்து இலையை எறிந்துவிடாதீர்கள். இந்த நரம்புப் பின்னலைக் கையால் நகலெடுப்பது கடினம் என்பதால்தான், 18-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தாம் அச்சிட்ட காகிதப் பணத்தில், கள்ளநோட்டைத் தடுக்க, இலையின் பதிவைச் சேர்த்தார்.

இது கைவந்தபின் ஜெலட்டின் பலகையை முயன்று பாருங்கள். ஒரு கோப்பை வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஜெலட்டின் கரைத்துத் தட்டில் உறையவிட்டு, அதன் மேல் மையை உருட்டி, இலையின் அடிப்பக்கம் மையில் படுமாறு வைத்துத் தாளால் ஒற்றினால், மைப்பரப்பின் நடுவே இலை வெள்ளை நிழலுருவாக விழும். பின் இலையை மெதுவாக உரித்தெடுத்து வேறொரு தாளை வைத்து ஒற்றினால், இலைக்கடியில் எஞ்சிய மை நரம்புகளோடு பதியும். கோடையில் பலகை இளகிவிடும் என்பதால், பயன்படுத்தாத நேரங்களில் அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருங்கள்.

எருக்கு, அரளி போன்றவற்றின் பால் கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கானது. குழந்தைகளோடு செய்வதானால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.